எரிந்த கடையின் கணக்கை யார் தீர்ப்பது?

1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு நாடு திரும்பிய அம்பேத்கருக்குப் பரோடா சமஸ்தானத்தில் வேலை இருந்தது, தங்குவதற்கு இடம்தான் கிடைக்கவில்லை. அங்கிருந்து விரட்டப்பட்டு பம்பாய்க்கு வந்தவர் குடும்பத்தைக் காப்பாற்றப் பல வழிகளைத் தேடினார். அவற்றில் ஒன்று ஒரு சிறுதொழில். பங்குச் சந்தையில் வியாபாரம் செய்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவருக்கு அந்தத் தொழில் தெரியாமல் இல்லை, வாடிக்கையாளர்களும் வந்தார்கள். நடத்துபவர் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் அவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நிறுவனம் மூடப்பட்டது.

இந்தச் சம்பவத்தைத் தீண்டாமைக் கொடுமைக்கான சான்றாக மட்டுமே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். இது ஒரு சிறுதொழில் நொடித்துப்போன வரலாறும்கூட. தொழில் தொடங்குகிறவர் எந்தெந்த ஆபத்துகளைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வணிகப் பாடநூல்கள் ஒரு பட்டியல் தரும். தீ, வெள்ளம், திருட்டு, விபத்து, கடன் வாராமை எல்லாம் அதில் இருக்கும். உரிமையாளரின் சாதி தெரிந்துவிடுவது என்கிற ஆபத்து எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஆனால் நம் தெருவிலிருந்து கடை போடப் போகிற ஒவ்வொருவரும் முதலில் யோசிப்பது அதைத்தான். ஊருக்குள் போடலாமா, பெயர்ப் பலகையில் என்ன எழுதலாம், யார் வந்து வாங்குவார்கள் என்றே நம் யோசனை தொடங்குகிறது.

கடன் பற்றியும் மானியம் பற்றியும் நாம் நிறையப் பேசுகிறோம். அந்தக் கடனில் உருவான கடை ஒரே இரவில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அதிகம் பேசுவதில்லை. இன்சூரன்ஸ் என்றதும் ஏஜென்டு, தவணை, ரசீது என்று சலிப்பான விஷயமாக ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் காப்பீட்டின் வரலாறு அதிகாரத்தின் வரலாறு. நஷ்டம் வரும்போது யாருக்கு யார் தோள் கொடுப்பது என்பதை அது தீர்மானித்துவந்திருக்கிறது. இந்திய வரலாற்றை மட்டும் வைத்துக்கொண்டு இதை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவத்திலிருந்து தொடங்குவோம். அவர்கள் இந்தப் போராட்டத்தை நமக்கு முன்பே, நீதிமன்றம்வரை சென்று நடத்தியிருக்கிறார்கள்.

சரக்காக எண்ணப்பட்ட மனிதர்கள்

காப்பீட்டின் அடிப்படை எளிமையானது. நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வைக்கிறார்கள். ஒருவரின் வீடு எரிந்தால் பொதுப்பணத்திலிருந்து அவருக்குக் கொடுக்கிறார்கள். நம் தெருவில் ஒரு சாவு விழுந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு அடக்கம் செய்கிற வழக்கமும் இதேதான். இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த நூறு பேரில் யாரைச் சேர்க்கிறார்கள், யாரை வெளியே நிறுத்துகிறார்கள்?

நவீனக் காப்பீடு கடல் வணிகத்தில் வளர்ந்தது. அந்தக் கடல் வணிகத்தின் பெரும்பகுதி அடிமை வணிகம். 1781இல் 'சாங்' என்ற பிரிட்டிஷ் கப்பல் ஆப்பிரிக்கர்களை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவுக்குப் போனது. தண்ணீர் போதவில்லை என்று காரணம் சொல்லி ஏறத்தாழ 130 பேரை உயிரோடு கடலில் தள்ளினார்கள். கப்பலின் உரிமையாளர்கள் லிவர்பூல் வணிகர்கள். தலைக்கு 30 பவுண்டு வீதம் இன்சூரன்ஸ் தொகை கேட்டார்கள். 1783இல் நடந்த வழக்கில் முதலில் நடுவர் குழு உரிமையாளர்களுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்விசாரணையில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். நீதிமன்றம் கேட்ட கேள்வி, சரக்கைத் தூக்கி எறிந்தது அவசியமா இல்லையா என்பதுதான். அடிமை முறைக்கு எதிராகப் போராடிய கிரான்வில் ஷார்ப் கொலை வழக்குத் தொடுக்க முயன்றார். அது நடக்கவில்லை. லண்டனின் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை, அடிமை வணிகத்தில் தனக்கிருந்த பங்குக்காக 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது.

காப்பீட்டு ஒப்பந்தத்தில் கறுப்பர்கள் முதலில் நுழைந்தது இப்படித்தான். பாலிசி எடுத்தவர் உரிமையாளர். தொகை பெறுபவரும் உரிமையாளர். காப்பீடு செய்யப்பட்ட பொருளாக மட்டுமே அவர்கள் இருந்தார்கள்.

எண்களில் ஒளிந்த இனவெறி

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகு கறுப்பர்கள் தாங்களே பாலிசி எடுக்க வந்தார்கள். வாரம் சில சென்ட் கட்டினால் அடக்கச் செலவுக்குப் பணம் வரும் சிறு பாலிசிகள் அவை. 1881இல் புருடென்ஷியல் நிறுவனம், அதே தவணையைக் கட்டும் கறுப்பருக்குத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது. கறுப்பர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பது அது சொன்ன காரணம். 1884இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டது. வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. நிறுவனங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. கறுப்பர்களிடம் பாலிசி கேட்டுப் போவதையே ஏஜென்டுகள் நிறுத்திக்கொண்டார்கள்.

1896இல் புருடென்ஷியலின் புள்ளியியலாளர் ஃபிரெடெரிக் ஹாஃப்மேன் ஒரு நூல் எழுதினார். கறுப்பர்களின் அதிக இறப்பு விகிதத்துக்குக் காரணம் அவர்களின் இனக்கூறு, வாழ்க்கைச் சூழல் காரணமில்லை என்பது அவர் வாதம். டூபாய்ஸ் மறு ஆண்டே அதற்கு மறுப்பு எழுதினார். நெரிசலான குடியிருப்பு, கெட்ட தண்ணீர், மருத்துவம் கிடைக்காமை ஆகியவை மனிதர்களைக் கொல்கின்றன, அதே சூழலில் வாழும் யாரும் அப்படித்தான் சாவார்கள் என்பதே அவர் தரப்பின் சாரம். ஒரு சமூகத்தை ஆபத்தான இடத்தில் தள்ளிவைத்துவிட்டு, அந்த ஆபத்தை அந்தச் சமூகத்தின் இயல்பு என்று பதிவுசெய்யும் தந்திரத்தை அவர் அடையாளம் கண்டார். ஏரிக்கரையிலும் சுடுகாட்டை ஒட்டியும் நம்மைக் குடிவைத்துவிட்டு, சேரி என்றாலே வெள்ளமும் நோயும்தான் என்று பேசுகிறவர்களிடம் நாம் எதிர்கொள்வதும் இதே தந்திரம்தான்.

ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று நிறுவனங்களைக் கட்டினார்கள். 1898இல் வட கரோலினாவின் டர்ஹம் நகரில் தொடங்கப்பட்ட நார்த் கரோலினா மியூச்சுவல் அவற்றுள் முக்கியமானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் மெரிக் அடிமையாகப் பிறந்தவர், முடிதிருத்தும் தொழிலாளி. இன்னொருவர் மருத்துவர் ஆரன் மூர். சார்லஸ் ஸ்பால்டிங் அதை வளர்த்தெடுத்தார். முதல் இறப்புக்கு அவர்கள் கொடுக்க வேண்டியிருந்த தொகை 40 டாலர். அட்லாண்டாவில் 1905இல் இதேபோன்ற நிறுவனத்தைத் தொடங்கிய அலோன்சோ ஹெர்ண்டனும் அடிமையாகப் பிறந்து முடிதிருத்தும் கடைகள் நடத்தியவர்தான். வாராவாரம் வீடு வீடாகச் சென்று வசூலித்த சில்லறைக் காசு வீட்டுக் கடனாகவும் கடைக்கான முதலாகவும் திரும்பி வந்தது. இந்தப் பணத்தின் பலத்தில்தான் டர்ஹமின் கறுப்பர் வணிக வீதி எழுந்தது.

ஆனால் இந்த முயற்சிக்கு ஓர் எல்லை உண்டு. ஏழைகள் ஏழைகளுக்கே உத்தரவாதம் தருகிற ஏற்பாடு ஒரு சாவைத் தாங்கும், பத்துச் சாவைத் தாங்கும். ஒரு குடியிருப்பே ஒரே இரவில் எரிக்கப்பட்டால் எந்தச் சிறு சங்கமும் தாங்காது. 1921இல் அதுதான் நடந்தது.

டல்சா: இரண்டு பக்கமும் மூடிய கதவு

ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கிரீன்வுட் என்பது கறுப்பர்களின் பகுதி. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒதுக்கப்பட்டவர்கள் அங்கேயே கடைகளையும் விடுதிகளையும் உருவாக்கியிருந்தார்கள். திரையரங்குகள், பத்திரிகை அலுவலகங்கள், மருத்துவமனை எல்லாம் அங்கு இருந்தன. ஒரு கறுப்பின இளைஞர் மின்தூக்கியில் வெள்ளையினப் பெண்ணைத் தாக்கிவிட்டார் என்ற செய்தி பரவியது. அவரை வெள்ளையர் கும்பல் அடித்துக் கொல்லாமல் காக்கக் கறுப்பர்கள் நீதிமன்றத்தின் முன் திரண்டார்கள். மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 வரை வெள்ளையர் கும்பல் கிரீன்வுட்டைக் கொள்ளையடித்து எரித்தது. அவர்களில் சிலருக்கு நகர நிர்வாகமே சிறப்புக் காவலர் அதிகாரம் கொடுத்திருந்தது. 35 தெருத் தொகுதிகள் சாம்பலாயின. எரிந்த வீடுகள் 1,256 என்று செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டது. கொல்லப்பட்டவர்கள் 300 பேர்வரை இருக்கலாம் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. உயிர் பிழைத்த ஆயிரக்கணக்கான கறுப்பர்களை முகாம்களில் அடைத்தார்கள். வெளியே நடமாடப் பச்சை நிற அடையாள அட்டை வேண்டும்.

கடைக்காரர்கள் பலரிடம் தீ இன்சூரன்ஸ் இருந்தது. தவணையை ஒழுங்காகக் கட்டியவர்கள் அவர்கள். தொகையைக் கேட்டபோது நிறுவனங்கள் பாலிசியின் ஒரு விதியைக் காட்டின. கலவரத்தால் ஏற்படும் நஷ்டத்துக்கும், அரசு அதிகாரிகளின் உத்தரவால் ஏற்படும் நஷ்டத்துக்கும் நிறுவனம் பொறுப்பேற்காது என்று அந்தக் காலத்துத் தீக்காப்பீட்டு ஒப்பந்தங்களில் எழுதியிருந்தது.

இதை உச்ச நீதிமன்றம்வரை எதிர்த்துப் போனவர் வில்லியம் ரெட்ஃபெர்ன். கிரீன்வுட்டில் திரையரங்கும் விடுதியும் வைத்திருந்த வெள்ளையர். 19,000 டாலருக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். தீவைத்தவர்கள் சிறப்புக் காவலர்கள், ஆகவே இது கலவரம் ஆகாது என்று அவர் தரப்பு வாதாடியது. 1926இல் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் நடந்தது கலவரமே என்று சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இந்த ஒப்பந்தம் செயல்பட்ட விதத்தைக் கவனியுங்கள். தீவைத்தவன் தனிமனிதன் என்றால் அது கலவரம், பணம் கிடையாது. தீவைத்தவன் அதிகாரி, உத்தரவுப்படி செய்தான் என்றால் அது அரசு நடவடிக்கை, அப்போதும் பணம் கிடையாது. இரண்டு கதவும் மூடியிருந்தன. வெள்ளையரான ரெட்ஃபெர்னுக்கே இதுதான் கதி என்றால் கறுப்பர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய விடுதி ஒன்றின் உரிமையாளரான ஸ்டிராட்ஃபோர்டு மீது கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டினார்கள். அவர் நகரை விட்டே தப்பி ஓட வேண்டியிருந்தது. அந்தக் குற்றச்சாட்டு நீக்கப்பட்டது 1996இல்.

நகர நிர்வாகத்திடமும் மக்கள் இழப்பீடு கேட்டார்கள். ஏறத்தாழ 18 லட்சம் டாலருக்கான விண்ணப்பங்கள் குவிந்தன. நிர்வாகம் அவற்றை நிராகரித்தது. விதிவிலக்காகப் பணம் பெற்றவர் ஒரு வெள்ளையர். அவருடைய கடையிலிருந்து அன்றிரவு துப்பாக்கிகள் எடுத்துச் செல்லப்பட்டிருந்தன. அதோடு நிற்கவில்லை. கிரீன்வுட்டில் இனி தீப்பிடிக்காத பொருட்களால்தான் கட்ட வேண்டும் என்று நகர நிர்வாகம் உடனே ஒரு விதி போட்டது. பாதுகாப்பு என்ற பெயரில் நிலத்தைப் பறிக்கும் ஏற்பாடு அது. வழக்கறிஞர் பி. சி. ஃபிராங்க்லின் கூடாரத்தில் அலுவலகம் அமைத்துக்கொண்டு அந்த விதியை எதிர்த்து வென்றார். மக்கள் தங்கள் சேமிப்பையும் உழைப்பையும் போட்டுக் கிரீன்வுட்டை மீண்டும் கட்டினார்கள். உயிரோடிருந்த கடைசிச் சிலர் தொடுத்த இழப்பீட்டு வழக்கையும் 2024 ஜூனில் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

காப்பீடு இல்லாத தெரு

1960களில் நிலைமை வேறு வடிவம் எடுத்தது. அதற்குள் அமெரிக்கப் பாலிசிகளில் கலவர நஷ்டமும் சேர்ந்திருந்தது. 1965இல் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியிலும் 1967இல் நெவார்க், டெட்ராய்ட் நகரங்களிலும் காவல்துறை அடக்குமுறைக்கு எதிராகக் கொந்தளிப்பு வெடித்தது. உடனே இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கறுப்பர் பகுதிகளை விட்டு வெளியேறத் தொடங்கின. ஒரு கடை எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. வரைபடத்தில் அந்தப் பகுதியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டால் போதுமாக இருந்தது.

குடியரசுத் தலைவர் ஜான்சன், நியூ ஜெர்சி ஆளுநர் ரிச்சர்ட் ஹியூஸ் தலைமையில் ஒரு குழு அமைத்தார். அது 1968 ஜனவரியில் அறிக்கை தந்தது. அந்த அறிக்கை காட்டிய சங்கிலி நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது. காப்பீடு இல்லாத கட்டடத்தை வங்கி அடமானமாக ஏற்காது. அடமானம் இல்லாவிட்டால் கடன் இல்லை. கடன் இல்லாவிட்டால் புதிய கடை வராது, பழைய கடை பழுது பார்க்கப்படாது. வேலை குறையும், தெரு சிதையும். சிதைந்த தெருவைக் காட்டி, இதனால்தான் காப்பீடு தரவில்லை என்று சொல்லலாம்.

அதே ஆண்டு ஒரு சட்டம் வந்தது. மாநிலங்களில் 'ஃபேர்' எனப்படும் திட்டங்கள் உருவாயின. ஒவ்வொரு கட்டடத்தையும் நேரில் பார்த்து அதன் நிலையை வைத்தே முடிவெடுக்க வேண்டும், அக்கம்பக்கத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்பது அவற்றின் அடிப்படை விதி. கலவர நஷ்டத்தில் ஒரு பங்கை மத்திய அரசு மறுகாப்பீடாக ஏற்றது. தவணை அதிகம், பலன் குறைவு என்ற குறைகள் இந்தத் திட்டங்களில் இருந்தன. இருந்தாலும் சமூக மோதலால் வரும் நஷ்டம் கடைக்காரரின் தனிப் பிரச்சினை என்ற வாதம் அங்கே சட்டத்தால் உடைக்கப்பட்டது.

கலவரத்தில் சொத்து அழிந்தால் அமைதியைக் காக்கத் தவறியவர்களே பொறுப்பு என்ற கருத்து புதியதும் இல்லை. இங்கிலாந்தில் 1714ஆம் ஆண்டுச் சட்டம் கலவரத்தில் இடிக்கப்பட்ட கட்டடங்களுக்கு அந்த வட்டார மக்களையே பொறுப்பாக்கியது. 1886இல் அந்தப் பொறுப்பு காவல்துறை நிதிக்கு மாறியது. 2016இல் புதிய சட்டம் வந்தபோதும் அந்த அடிப்படை மாறவில்லை. சொத்துடையவர்களைக் காக்க வந்த சட்டம்தான் அது. ஆனாலும் அந்தக் கொள்கை நமக்குப் பயன்படும்.

அம்பேத்கர் கேட்டது

இந்தியாவுக்கு வருவோம். 1947 மார்ச்சில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்கு ஒரு கோரிக்கை ஆவணம் அளித்தார். 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற அந்த ஆவணத்தை நாம் தனிக் குடியேற்றத்துக்காகவும் நில உடைமைக்காகவும் மேற்கோள் காட்டுவோம். அதில் காப்பீடு பற்றியும் ஒரு கூறு இருக்கிறது. காப்பீட்டை அரசு மட்டுமே நடத்த வேண்டும், வயதுவந்த ஒவ்வொரு குடிமகனும் தன் கூலிக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு வைத்திருக்க அரசு கட்டாயப்படுத்த வேண்டும் என்று கேட்டார். இரண்டு காரணங்கள் சொன்னார். தனியார் நிறுவனம் நொடிக்கலாம், அரசின் உத்தரவாதம் அதைவிட உறுதியானது. மேலும் காப்பீட்டில் சேரும் பணம் நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு அரசின் கையில் முதலாக இருக்கும், அதிக வட்டிக்கு வெளியே கடன் வாங்க வேண்டியிருக்காது.

அந்தக் கோரிக்கையை நிலத்தோடும் தொழிலோடும் சேர்த்து அடிப்படை உரிமையாகவே அவர் வைத்தார். நிலமும் இல்லாமல் சேமிப்பும் இல்லாமல் இருப்பவன், வேலை போய்விடும் என்ற பயத்தில் தன் உரிமைகளையே விட்டுக்கொடுக்க நேரும் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்சூரன்ஸ் அவருக்கு வாக்குரிமையின் துணை உரிமை.

அந்த ஆவணம் அரசமைப்பில் ஏறவில்லை. ஆனால் 1956இல் 245 ஆயுள் காப்பீட்டு அமைப்புகள் இணைக்கப்பட்டு எல்.ஐ.சி. பிறந்தது. 1973 ஜனவரி 1 முதல் 107 பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் நான்கு அரசு நிறுவனங்களாயின. அவற்றில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தனியார் திரும்பி வந்தார்கள். அரசுடைமை நமக்குக் கிளை அலுவலகங்களைத் தந்தது, ஓரளவு வேலைவாய்ப்பும் தந்தது. நம் மக்களின் தொழிலுக்கு வரும் தனித்த ஆபத்தை அதுவும் கணக்கில் எடுக்கவில்லை.

நம் ஆபத்தும் நம் பாலிசியும்

அந்தத் தனித்த ஆபத்து எது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சிகள் இருக்கின்றன. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் நுழைந்த காவல்துறை உடைத்தவற்றின் பட்டியலைப் பாருங்கள். தொலைக்காட்சிகள், தையல் இயந்திரங்கள், டிராக்டர்கள், தானியக் குதிர்கள். பாஸ்போர்ட்டுகளையும் கல்விச் சான்றிதழ்களையும் கூட விடவில்லை. வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்துச் சேர்த்த முன்னேற்றம்தான் இலக்கு. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்கிட்டு 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சேர்த்த நகையும் இருசக்கர வாகனமும் அன்று போயின. கூலியாக இருக்கும்வரை அடி விழும், சொத்து சேர்த்தால் தீ விழும். கிரீன்வுட்டில் கண்டதும் இதைத்தான்.

அப்படியானால் இன்றைய இந்திய பாலிசி என்ன சொல்கிறது? 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொது வடிவ பாலிசியைத் தர வேண்டும். ஓரிடத்தில் உள்ள சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருக்கும் சிறு தொழில்களுக்கானது இது. தீ, புயல், வெள்ளத்தோடு கலவரமும் வன்மத்தோடு செய்யும் சேதமும் இதில் அடங்கும். அப்படியொரு சம்பவத்தால் 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டும் அடங்கும். 1921இல் கிரீன்வுட் கடைக்காரருக்கு இல்லாதது இன்று நம் கையில் இருக்கிறது. ஆனால் அரசு அல்லது சட்டப்படியான அதிகாரிகளின் உத்தரவால் சொத்து பறிபோனால் பணம் இல்லை என்ற விலக்கு இன்றும் தொடர்கிறது. சீருடை போட்டவர்களே வந்து உடைத்தால் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்ற டல்சாவின் கேள்வி இங்கும் உயிரோடிருக்கிறது.

இன்னொரு பள்ளம் பலருக்கும் தெரியாதது. வங்கியில் கடன் வாங்கும்போது கடன் தொகைக்கு மட்டும் பாலிசி போட்டுவிடுவார்கள். கடையில் 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருக்கிறது, பாலிசி 5 லட்சத்துக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். தீயில் 4 லட்சம் நஷ்டமானால், 5 லட்சத்துக்கு பாலிசி இருக்கிறதே, 4 லட்சமும் வந்துவிடும் என்று நினைப்போம். வராது. சொத்தில் பாதிக்குத்தான் காப்பீடு என்பதால் நஷ்டத்திலும் பாதி, 2 லட்சம்தான் கணக்காகும். புதிய பாலிசியில் 15 சதவீதம்வரை குறைவாக மதிப்புப் போட்டிருந்தால் இந்த வெட்டு கிடையாது. அதற்கு மேல் போனால் வெட்டு விழும். வருகிற பணத்தையும் வங்கி முதலில் கடனுக்கு வரவு வைத்துக்கொள்ளும்.

காகிதத்தின் பிரச்சினை இதைவிடப் பெரியது. சரக்குப் பதிவேடு, கொள்முதல் ரசீது, கடை இருக்கும் இடத்துக்கான ஆவணம் ஆகியவற்றைக் கேட்பார்கள். புறம்போக்கில் பட்டா இல்லாமல், தகரக் கொட்டகையிலோ கூரையிலோ கடை வைத்திருப்பவரிடம் அவை இருக்காது. சாதி கேட்காத படிவம்தான். ஆனால் அது கேட்கும் மற்ற எல்லாவற்றிலும் சாதி இருக்கிறது.

ஊர்க் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசினால் நிலைமை இன்னும் மோசம். காலனிக்காரர் கடையில் வாங்கக் கூடாது என்று ஊர் முடிவெடுத்தால் எந்தச் சுவரும் எரிவதில்லை, எந்தப் பொருளும் உடைவதில்லை. வியாபாரம் மட்டும் செத்துவிடும். வியாபார இழப்புக்கான காப்பீடு பொதுவாகப் பொருட்சேதம் நடந்தால்தான் செல்லும். 1918வாக்கில் பம்பாயில் மூடப்பட்ட அந்த ஆலோசனை நிறுவனத்துக்கு இன்றும் எந்த நிறுவனமும் பாலிசி தராது.

நாம் செய்ய வேண்டியது

சட்டத்தில் நமக்குச் சில ஆயுதங்கள் உண்டு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(iv) பிரிவு, நம் வீட்டையோ வழிபாட்டிடத்தையோ பொருள் வைக்கும் கட்டடத்தையோ தீயிட்டு அழிப்பவருக்கு ஆயுள் தண்டனை சொல்கிறது. கடையும் கிடங்கும் இந்த மூன்றாவதில் வரும் என்று வலியுறுத்த வேண்டும். 2016 ஜனவரி முதல் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் அதே சட்டத்தில் குற்றம். குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஏ பிரிவும் இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவும், தீண்டாமைக் குற்றத்துக்கு உடந்தையாக இருக்கும் பகுதியினர்மீது கூட்டு அபராதம் விதிக்க அரசுக்கு அதிகாரம் தருகின்றன. வட்டாரமே பொறுப்பு என்ற அந்தப் பழைய ஆங்கிலக் கொள்கை நம் சட்டத்திலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும்படி கேட்பவர்கள்தான் குறைவு.

இளைஞர்களும் மாணவர்களும் உடனே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் பகுதியில் நம்மவர் நடத்தும் கடைகளையும் பட்டறைகளையும் எண்ணுங்கள். எத்தனை பேரிடம் பாலிசி இருக்கிறது, எவ்வளவுக்கு இருக்கிறது என்று கேளுங்கள். வங்கி போட்ட பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை சரக்கையும் ரசீதுகளையும் படமெடுத்து வேறோர் இடத்தில் சேமித்து வையுங்கள். கொடியங்குளத்தில் காகிதத்தையும் எரித்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். தாக்குதல் நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் பொருள் வாரியாக நஷ்டம் இடம்பெற வேண்டும். வன்கொடுமைச் சட்டப்படி கிடைக்கும் அரசு நிவாரணமும் இன்சூரன்ஸ் தொகையும் வெவ்வேறு உரிமைகள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க விடக் கூடாது. நிறுவனம் மறுத்தால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். அதற்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

இவை தனித்தனிக் கடைகளைக் காப்பாற்றும் வழிகள். அரசிடம் கேட்க வேண்டியது வேறு. 2025 மார்ச் வரை நடந்த ஸ்டேண்ட் அப் இந்தியாவில் தொடங்கி மாநில அரசின் திட்டங்கள்வரை, நம்மைத் தொழில்முனைவோராக்கப் போவதாக அறிவிக்கும் எல்லாத் திட்டங்களும் தொடங்குவதற்குப் பணம் தருகின்றன. விழுந்தால் தாங்குவதற்கு அவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்போம். இந்தத் திட்டங்களில் கடன் பெறும் ஒவ்வொரு தொழிலுக்கும் சொத்தின் முழு மதிப்புக்கு அரசே தவணை கட்டும் குழுக் காப்பீடு வேண்டும். சாதி வன்முறையில் அழியும் தொழில் சொத்துக்கு, தீவைத்தவன் கும்பலா சீருடையா என்று பார்க்காமல், அரசு முழு இழப்பீடு தர வேண்டும். புறக்கணிப்பால் நிற்கும் வியாபாரத்துக்கு வருமான இழப்பீடும் கடன் தவணைக்கு அவகாசமும் வேண்டும்.

சாதி உண்டாக்கும் நஷ்டத்துக்கு நாம் தவணை கட்டிக்கொண்டே இருக்க முடியாது. அந்தச் செலவு அதை உண்டாக்குபவர்களிடமும், தடுக்கத் தவறும் அரசிடமும் போய்ச் சேர வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தெருக் கடைகளின் பட்டியலோடு வாருங்கள் தோழர்களே.